300 வெள்ளிக்கு நாலு மைக்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன் போன வாரம் செய்தி அனுப்பியிருந்தான். நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து இசைக்குழு ஆரம்பித்திருக்கிறார்களாம். "அண்ணே, கையில 300 வெள்ளிதான் இருக்கு. நாலு மைக் வேணும். எது வாங்கலாம்?" வாட்ஸ்அப்பில் பதில் அடிக்கத் தொடங்கினேன். கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம். சரி, இங்கேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஒலிக்கலை படித்தவன் இல்லை. பகலில் மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலை, வார இறுதியில் எங்கள் குழுவில் பேஸ் கிட்டார். பேஸ் வாசிப்பவனுக்கு மைக் தேவையில்லை. அதனாலேயோ என்னவோ, மைக் பையைத் தூக்குகிற வேலை என் தலையில் விழுந்தது. பதினோரு வருடமாகத் தூக்குகிறேன்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில், மெல்லிய ஒலியையும் பிடிக்கிற கண்டென்சர் வகை மைக் இரண்டு வாங்கினேன். வீட்டு அறையில் மனைவியைப் பாடச் சொல்லி இயர்ஃபோனில் கேட்டபோது, மூச்சை இழுப்பதுகூடத் துல்லியமாக விழுந்தது. அந்த மயக்கத்தில், ஈசூனில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்த கல்யாண விருந்துக்கு அதையே கொண்டுபோனேன். தாழ்ந்த கான்கிரீட் கூரை, சுற்றிலும் தூண்கள், தரையெல்லாம் ஓடு. மைக் பாடகரைக் கேட்டது. கூடவே மூலையில் சுழன்ற மின்விசிறியை, ஓடிப்பிடித்து விளையாடிய பிள்ளைகளை, பிரியாணிச் சட்டியில் கரண்டி உரசுவதை, பக்கத்துத் தபேலாவை எல்லாம் கேட்டது. சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினால் ஃபீட்பேக், அதாவது ஸ்பீக்கர் சத்தம் மறுபடி மைக்குக்குள் புகுந்து 'கூ' என்று காதைக் கிழித்தது. பெண்ணின் பாட்டி காதைப் பொத்திக்கொண்டு வேறு மேசைக்குப் போனார். கடைசிவரை பாதிச் சத்தத்தில்தான் பாடி முடித்தோம்.

அன்றைக்குப் புரிந்தது இதுதான்: மேடையில் உதவுகிற மைக், வாய்க்கு நேரே வருவதைத் தவிர மற்றதைக் கேட்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற மைக். அதற்கு டைனமிக் வகைதான் வேண்டும். சவ்வோடு ஒட்டிய ஒரு கம்பிச்சுருள் காந்தத்துக்கு நடுவே அசைகிறது, அவ்வளவுதான் உள்ளே. சுமை உள்ள சவ்வு என்பதால் நுண்ணிய ஒலிகளை கண்டென்சர் அளவுக்குத் துல்லியமாகப் பிடிக்காது. கண்டென்சருக்குப் போல, ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் பெட்டியிலிருந்து 48 வோல்ட் அனுப்ப வேண்டிய தேவையும் இல்லை. கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

இந்த வகையில் எல்லாரும் சொல்லும் பெயர் ஷூர் எஸ்எம்58. 1966இல் வந்தது, இன்னும் விற்கிறது. அதன் அண்ணன் எஸ்எம்57 பிறந்தது 1965இல், நம் சிங்கப்பூருக்கு ஒத்த வயது. 58 நல்ல மைக்தான், மறுக்கவில்லை. ஆனால் 300 வெள்ளியில் நாலு வராது. பெரிங்கர் எக்ஸ்எம்8500 என்று ஒன்று இருக்கிறது. 58 ஒன்றின் காசுக்கு இதில் குறைந்தது மூன்று வாங்கிவிடலாம். தனியாக உட்கார்ந்து இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால் வித்தியாசம் தெரியும், மேல்ஸ்தாயியில் 58 இன்னும் மிருதுவாக இருக்கும். கீபோர்டும் ரிதம் பேடும் சேர்ந்து முழங்கும்போது, கீழே வடை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாமாவுக்கு அது தெரியப்போவதில்லை. தம்பி, உனக்கு என் பதில் நாலு எக்ஸ்எம்8500. மிச்சக் காசு கேபிளுக்கும் ஸ்டாண்டுக்கும். பின்னால் கையில் காசு சேர்ந்தால் முதல் பாடகருக்கு மட்டும் ஒரு 58 வாங்கு, இல்லையென்றால் சென்ஹைசர் இ835. பெண் குரலுக்கு என் காதில் இ835 ஒரு படி பளிச்சென்று கேட்கிறது. பெனின்சுலா கடைத்தொகுதி பக்கம் இருக்கும் இசைக்கருவிக் கடைகளில் கேட்டுப்பார்த்துவிட்டே வாங்கலாம். வெட்கப்படாமல் பாடிப்பார்.

பழைய பொருள் வாங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. கைப்பேசிச் செயலி ஒன்றில் 'புத்தம்புது' 58 பாதி விலைக்கு வந்தது. எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் கைமாறியது. பெட்டி, பை, கிளிப் எல்லாம் அச்சு அசல். பாடிப்பார்த்தால் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருந்தது. மனைவி கேக் செய்ய வைத்திருக்கும் தராசில் நிறுத்தேன். 240 கிராமைத் தாண்டவில்லை. அசல் 298 கிராம். இப்போது அந்தப் போலி என் மகனுடைய விளையாட்டுச் சாமான்.

மைக் எதுவானாலும் பிடிக்கிற விதம்தான் பாதி. எங்கள் குழுவில் இருபத்தைந்து வருடமாகப் பாடும் அக்கா ஒருவர் இருக்கிறார். உச்சத்துக்குப் போகும்போது மைக்கின் தலையில் இருக்கும் உருண்டை வலைப்பந்தை உள்ளங்கையால் பொத்திக்கொள்வார். பின்பக்கத்திலிருந்து வரும் சத்தத்தை இந்த மைக்குகள் கழித்துவிடுவதே, வலைக்குக் கீழே பின்வழியாக நுழையும் ஒலியை வைத்துத்தான். அதை மூடினால் மைக் நாலா பக்கமும் கேட்க ஆரம்பித்துவிடும், உடனே ஃபீட்பேக். "அக்கா, கொஞ்சம் கீழே பிடிங்க" என்றேன். "எனக்கே மைக் பிடிக்கச் சொல்லித் தர்றியா?" என்றார். இரண்டு மாதம் பேசவில்லை. இப்போது கீழேதான் பிடிக்கிறார், ஆனால் நான் சொல்லித்தான் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

அப்புறம் தூரம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள இடைவெளி இரண்டு மடங்கானால் சத்தத்தில் 6 டெசிபல் போய்விடும். ஓர் அங்குலத்தில் பாடுகிறவர் நாலு அங்குலத்துக்கு நகர்ந்தால் 12. அதை ஈடுகட்ட நீ சத்தத்தை ஏற்றுவாய், மின்விசிறி மறுபடி உள்ளே வரும். ஒட்டிப் பாடினால் அடிக்குரல் ஊதிப்பெருகும், உண்மைதான். பல மிக்ஸர்களில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுகிற பொத்தான் இருக்கும், அமுக்கிவிடு. பாடகர் தன் குரலைக் கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரை மைக்கின் வாலுக்கு நேரே வை, நான் சொன்ன மைக்குகளுக்கு அங்கேதான் காது மந்தம். பாடாதவருடைய மைக்கை அணைத்துவை. திறந்திருக்கும் மைக் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஃபீட்பேக் 3 டெசிபல் நெருங்கி வருகிறது.

தபேலாவுக்கு எங்களிடம் ஒரு எஸ்எம்57, இரண்டுக்கும் நடுவே தாழ்வாக. தவிலுக்கு மைக் கேட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடு.

கம்பியில்லா மைக் வேண்டும் என்று எந்தப் பாடகரும் கேட்பார். மலிவான 2.4 கிகாஹெர்ட்ஸ் செட் ஒன்று எங்களிடமும் இருந்தது. மாலை நாலு மணிக்குச் சோதித்தபோது பிரமாதம். ஏழரைக்கு முந்நூறு பேர் வந்து உட்கார்ந்ததும் பல்லவி விட்டுவிட்டு வந்தது. வைஃபையும் புளூடூத்தும் ஓடுவது அதே அலைவரிசையில்தானே, தலைக்கு மேலே பன்னிரண்டு மாடி வைஃபை வேறு. கேபிளோடு பாடச் சொல், பத்து மீட்டரில் நடக்க இடமிருக்கிறது. நான் சிம் லிம் டவரில் கனெக்டரும் வயரும் தனித்தனியாக வாங்கி நானே ஈயம் வைத்து ஒட்டுகிறேன். நிகழ்ச்சி நடுவே 'மைக் செத்துப்போச்சு' என்று கத்தினால் பத்தில் ஒன்பது தடவை செத்தது கேபிள்தான்.

நம் ஊர் ஈரத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. நிகழ்ச்சி முடிந்ததும் வலைப்பந்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சோடு மிதமான சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்தபிறகே மாட்ட வேண்டும். இல்லையென்றால் அடுத்த வாரம் பாடுகிறவர் முகம் சுளிப்பார், பழைய எச்சில் வாடை. காய்ந்த மைக்குகளை பிஸ்கட் டின்னில் வைக்கிறேன், காலணிப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களோடு.

நாலு போதும் என்று நீ நினைப்பாய். ஐந்தாவதாக ஒன்று எடுத்துவை. எங்கள் பையில் சிவப்பு டேப் சுற்றிய எக்ஸ்எம்8500 ஒன்று இருக்கிறது, வலை நசுங்கிப்போனது. அது அறிவிப்பாளருக்கு. அவர் ஊதலாம், தட்டலாம், 'ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங்' என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் கத்தலாம். மற்ற மைக் பக்கம் அவர் கை நீண்டால் நான் பேஸைக் கீழே வைத்துவிட்டு ஓடுவேன்.