உன்னைத்தான் காணோம் என்றார் பேராசிரியர்

“ஆய்வு என்ன என்று புரிகிறது. இதில் உன்னைத்தான் காணோம்.”

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்க நான் எழுதிய எஸ்.ஓ.பி.யின் (எதை, ஏன் ஆராயப்போகிறேன் என்று சொல்லும் கட்டுரை) ஓரத்தில் பேராசிரியர் இப்படி எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார். முதல் பத்தியின் மேல் குறுக்காக ஒரு கோடு. பாளையங்கோட்டையில் எனக்கு வரலாறு சொல்லிக்கொடுத்த சாரைப் பற்றிய பத்தி அது. அவர் மட்டும் இல்லையென்றால் நான் இந்நேரம் ஏதாவது ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருப்பேன். அதை நாகரிகமாக எழுதியிருந்தேன். கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கேள்வி: “நாங்கள் சேர்க்கப்போவது இவரையா, உன்னையா?”

சுருக்கென்றுதான் இருந்தது. குருவை வணங்கி ஆரம்பிப்பது நம்மூரில் மரியாதை. இங்கே அது இடத்தை வீணடிப்பது. இரண்டு பக்கம்தான் தருவார்கள். அதில் நான் எதைப் படித்தேன், எதைக் கண்டுபிடித்தேன், இதுவரை யாரும் கேட்காத எந்தக் கேள்வியை நான் கேட்கப்போகிறேன் என்று வரிக்கு வரி ‘நான்’ வர வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பெண் இப்படி ஐந்து நிமிடம் பேசினால், “ரொம்பத்தான் பீத்திக்கிடுதா” என்று அவள் காதுபடவே சொல்லிவிடுவார்கள்.

கோபத்தில் நன்னூலைத் தேடி எடுத்தேன். இந்த விஷயத்தில் எனக்காகப் பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார்: எவ்வளவு அரிய நூலை எழுதினாலும் தன்னைத் தானே புகழ்வது தகுதியல்ல. நூலுக்கான பாயிரத்தை, அதாவது முன்னுரையை, எழுதியவனுடைய ஆசிரியரோ, உடன் படித்தவரோ, மாணவரோ, உரைகாரரோதான் எழுத வேண்டும். பார்த்தீர்களா என்று பேராசிரியரிடம் காட்டலாம் என நினைத்தேன். அடுத்த சூத்திரம் காலை வாரிவிட்டது. நான்கு இடங்களில் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாமாம்: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் திறமை தெரியாதவர்கள் நடுவில், அவையில் வாதத்தில் வெல்ல வேண்டியபோது, எதிராளி பழிக்கும்போது. ஓலையும் எழுதுகிறேன், என்னைத் தெரியாதவர்களுக்கும் எழுதுகிறேன். இரட்டை அனுமதி. பேராசிரியர் பக்கம் பவணந்தியே போய்ச் சேர்ந்துவிட்டார்.

சரி, என்று உட்கார்ந்து எழுதினேன். எழுத வேண்டிய விஷயத்துக்குக் குறைவில்லை. 1854-இல் சென்னை மாகாணத்தில், வரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகாரை விசாரிக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு ஓர் ஆணையம் வைத்தது. மறு ஆண்டு அறிக்கை அச்சானது. விரல்களை இடுக்கி நெரிக்கும் கிட்டி, ஆளைக் குனியவைத்துக் கயிற்றால் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணந்தாள் எல்லாம் அதில் வருகின்றன. முறையிட்டவர்கள் ஏறக்குறைய 2,000 பேர். பலர் கடிதமாக எழுதினார்கள். சிலர் எத்தனையோ நாள் நடந்து சென்னைக்கே வந்து நேரில் சொன்னார்கள். அறிக்கையில் நாம் படிப்பது பெரும்பாலும் ஆங்கிலச் சுருக்கம். அந்த மனுக்களை எழுதிக்கொடுத்தது யார், தமிழிலும் தெலுங்கிலும் அவை எப்படி இருந்தன, அடி வாங்கியவன் தன்னை எப்படிச் சொல்லிக்கொண்டான் என்பதுதான் என் கேள்வி. அதற்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் தேட வேண்டும். அதாவது, அடுத்தவர்கள் எழுதிய விண்ணப்பங்களை ஆராய்வதற்காக நான் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மற்றபடி நடைமுறையெல்லாம் பழகிவிட்டது. டிசம்பர் தொடக்கத்திலிருந்து நடுவரை கடைசி நாள்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் நூறு டாலருக்கு முன்பின்னாகக் கட்டணம். அதை மனத்துக்குள் ரூபாயாக மாற்றும் வழக்கத்தை விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு பல வரலாற்றுத் துறைகள் ஜி.ஆர்.இ. என்ற நுழைவுத் தேர்வைக் கேட்பதில்லை, அந்த மட்டில் புண்ணியம். இடம் கிடைத்தால் கட்டணம் கிடையாது. ஐந்தாண்டுக்காவது உதவித்தொகை தருவார்கள், பதிலுக்கு இளநிலை மாணவர்களுக்கு வகுப்பெடுக்க வேண்டும். கிடைப்பதுதான் பாடு. 2025-இல் சில பெரிய பல்கலைக்கழகங்களே கலைத்துறைகளில் முனைவர் சேர்க்கையைக் குறைத்தன. சில துறைகள் அந்தச் சுற்றுக்கு ஆளே எடுக்கவில்லை. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “அப்ப நம்ம ஊரு வரலாற அங்க போயி எதுக்குப் படிக்க?” என்றாள். இதற்கு எஸ்.ஓ.பி.யில் ஒன்றரைப் பக்கப் பதில் வைத்திருக்கிறேன். அம்மாவிடம் சொல்ல ஒரு வரிகூட இல்லை.

நான் இப்போது படிக்கும் ஓஹையோவில் நவம்பர் என்றால் மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். அப்படி ஒரு மாலையில் அடுத்த தாளைத் திறந்தேன். சில பல்கலைக்கழகங்கள் எஸ்.ஓ.பி. போதாது என்று தன்வரலாறு ஒன்றும் கேட்கின்றன: என்னென்ன தடைகளைத் தாண்டி இங்கே வந்தாய்? உடன் படிக்கும் நல்ல மனசுக்காரி ஒருத்தி, “உன்னிடம் நிறைய இருக்குமே, நன்றாக எழுது” என்று உற்சாகப்படுத்தினாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் எனக்கு ஆச்சி ஞாபகம் வந்துவிட்டது.

திங்கட்கிழமை மனு நாளில் ஆச்சியோடு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட சந்தோஷம் எனக்கு. முதியோர் உதவித்தொகைக்கு மனு. வாசலில் மரத்தடியில் மனு எழுதுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மடியில் அட்டை, காதில் பேனா. எங்களுக்கு வாய்த்தவர் ‘பணிந்து சமர்ப்பிக்கும் மனு’ என்று மடமடவென்று ஆரம்பித்து, நிமிராமலே கேட்டார்: “பிள்ளைக எத்தன?” மூன்று என்றாள் ஆச்சி. “யாரும் கவனிக்கதில்ல, ஆதரவற்ற நிலைன்னு போட்டுருதேன்.”

ஆச்சி சட்டென்று தாளைப் பிடித்துக்கொண்டாள். “எய்யா, அப்படிப் போடாத. எம் பிள்ளைய என்னைய நல்லாத்தான் பாக்குதானுவ.”

“அப்படிப் போட்டாத்தான் ஆச்சி பணம் வரும்.”

“வராட்டாப் போவுது. கலெக்டர் கச்சேரியில போயி என் பிள்ளையள நானே அசிங்கப்படுத்தவா?”

அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார், ஏதோ நான் ஆச்சிக்குப் புத்தி சொல்லக்கூடியவள் என்பதுபோல. கடைசியில் ‘கவனிப்பதில்லை’ இல்லாமல் ஒரு மனு போனது. பணம் வரவில்லை. அதில் ஆச்சிக்கு வருத்தமும் கிடையாது. பஸ்ஸுக்குச் செலவழித்ததைத்தான் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் திரும்பும்போது ஜங்ஷனில் எனக்கு அல்வா வாங்கித் தந்தாள், இலையில் சுடச்சுட. அதை ஏன் செலவுக் கணக்கில் சேர்க்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

1854-இல் மனு எழுதிக்கொடுத்தவரும் இப்படித்தான் ‘போட்டுருதேன்’ என்று சொல்லியிருப்பாரா? எந்தக் குடியானவனாவது “அப்படிப் போடாதீரும்” என்று தாளைப் பிடித்திருப்பானா? அச்சான அறிக்கையில் அது தெரியாது. என் ஆய்வின் நல்ல கேள்வி இதுதான். எஸ்.ஓ.பி.யில் இதைச் சேர்த்தேன், மரத்தடியையும் ஆச்சியையும் சேர்த்து. பேராசிரியர் அந்தப் பத்திக்குப் பக்கத்தில் ‘இதோ நீ’ என்று எழுதினார். தடைகளைக் கேட்ட அந்தத் தாளில் வறுமை என்று எதையும் எழுதவில்லை. காப்பகம் இருக்கும் ஊரும் நூலகம் இருக்கும் நாடும் தூரம் என்பதை மட்டும் எழுதினேன். அதுவும் தடைதானே.

இனி பாக்கி பரிந்துரைக் கடிதங்கள். மூன்று வேண்டும். இரண்டு இங்கே கிடைத்துவிட்டன. மூன்றாவது சாரிடம்தான் கேட்டேன், எஸ்.ஓ.பி.யில் அடித்துவிட்ட கடன் அப்படியாவது தீரட்டும் என்று. “நீயே எழுதி அனுப்பு தாயி, கையெழுத்துப் போட்டுத் தாரேன்” என்றார். நம் கல்லூரிகளில் யார்தான் வேறு மாதிரி செய்கிறார்கள்? இங்கே விதி நேர் எதிர். 1974-இல் வந்த ஒரு சட்டப்படி, சேர்ந்த பிறகு மாணவர் தன் கோப்பில் உள்ள கடிதத்தைப் பார்க்கலாம். ஆனால் அந்த உரிமை எனக்கு வேண்டாம் என்று விண்ணப்பத்திலேயே எழுதிக்கொடுத்தால்தான் கடிதத்தை நம்புவார்கள். நானும் வேண்டாம் என்று டிக் அடித்திருந்தேன். இதையெல்லாம் விளக்கியதும் சார், “அப்ப நானே எழுதணும்” என்று கொஞ்ச நேரம் யோசித்தார்.

இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் நாலு படங்கள் வந்தன. பேனாவால், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிய கடிதம். கீழே ஒரு வரி: ‘படிச்சுப் பாரு, இங்கிலீஷ் சரியா இருக்கா?’ கண்ணில் பட்டவரை ‘ஒழுக்கமான குடும்பத்துப் பெண்’ என்று இருந்தது. அதற்கு மேல் படிக்காமல் அழித்துவிட்டு அவருக்கு போன் செய்தேன். இங்கே இரவு ஒன்பதரை, அங்கே காலை எட்டு. சார் வாக்கிங் முடித்துக் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

“நான் பார்க்கக் கூடாது சார்.”

“நான் எழுதுனத நீ பாக்கக் கூடாதுன்னு சொல்ல அவன் யாரு?”

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் பேரனைக் கூப்பிட்டு, தட்டச்சு செய்து, அவர் கையாலேயே பல்கலைக்கழகப் பக்கத்தில் ஏற்ற வைத்தேன். அதோடு முடியவில்லை. கடைசியில் ஒரு கட்டம்: உங்கள் அனுபவத்தில் இந்த மாணவியின் இடம் எது? முதல் 1 சதவீதத்துக்குள்ளா, 5-க்குள்ளா, 10-க்குள்ளா? இங்குள்ள பேராசிரியர்கள் யோசிக்காமல் உச்சியில் குத்திவிடுவார்கள் என்று கேள்வி. எங்கள் சாரோ தேர்வில் எனக்கு அறுபத்திரண்டுக்கு மேல் போட்டதே இல்லை. அதுவே எங்கள் துறையில் பெரிய மார்க். போனில் பேரன் படித்துக்காட்டுவது கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

“ஒண்ணு போடட்டா, அஞ்சு போடட்டா?” என்று கேட்டுவிட்டு, அவரே பதிலும் சொன்னார்: “அஞ்சே இருக்கட்டும். ஒண்ணுன்னா நம்ப மாட்டான்.”