கூடலையாற்றூர் முழுக்கு: எப்போது, எங்கே, எப்படி

ஆறுகள் கூடும் இடத்தில் தீர்த்தமாட வேண்டும் என்றால் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குப் பக்கத்திலேயே கூடலையாற்றூர் இருக்கிறது. மணிமுத்தாறு வெள்ளாற்றில் சேரும் ஊர். முதுகுன்றம் (இன்றைய விருத்தாசலம்) போகும் வழியில் சுந்தரரை அந்தணர் உருவில் எதிர்கொண்டு, இறைவன் வழிகாட்டிய தலம். பாடல் பெற்ற தலத்துக்கு வரும் கூட்டம் இவ்வளவு குறைவா என்று மனசு சங்கடப்படும்.

மழை வெள்ளம் வடிந்த மார்கழிக் கடைசியும் தையும்தான் முழுக்குக்கு நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் இறங்காதீர்கள். இங்கே வானம் வெளுத்திருந்தாலும் கள்ளக்குறிச்சிப் பக்கம் மணிமுக்தா, கோமுகி அணைகள் திறந்தால் தண்ணீர் திடீரென ஏறும். மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே இருந்து பார்த்தால் தெரியாது. முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியே ஆள் மூழ்கும் ஆழம் இருக்கலாம். 2022 ஜூனில் நெல்லிக்குப்பம் அருகே கெடிலம் ஆற்றில் ஏழு பெண்கள் மூழ்கி இறந்ததை மறக்க முடியுமா? கழியால் தரையைக் குத்திப் பார்த்து, இடுப்பளவுக்கு மேல் போகாமல் முழுகுங்கள்.

வீட்டிலேயே சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வர வேண்டும். ஆற்றில் அழுக்குத் தேய்ப்பது முறையல்ல. காலை வைக்கும் முன் ஒரு கை நீரைத் தலையில் தெளித்துக்கொள்ளுங்கள். முதலில் சங்கல்பம் (எதற்காக முழுகுகிறோம் என்று சொல்லிக்கொள்வது), பிறகு "கங்கே ச யமுனே சைவ" சுலோகம் சொல்லி, நீரோட்டத்தை எதிர்நோக்கி மூன்று முழுக்கு. சூரியனைப் பார்த்து மூன்று கை அர்க்கியம். தந்தை இல்லாதவர்கள் தர்ப்பணம் செய்வதாக இருந்தால் 50 கிராம் எள்ளும் தர்ப்பையும் போதும். தர்ப்பணம் முடியும்வரை ஈர வேட்டியைப் பிழியக்கூடாது. முடித்தபின் கரையில்தான் பிழிய வேண்டும், ஆற்றுக்குள் அல்ல.

மாசியில் பெரும்பாலும் மணல்தான். மனம் தளர வேண்டாம், மணலில் இரண்டடி ஊற்றுத் தோண்டி, முதலில் வரும் கலங்கலை இறைத்துவிட்டுத் தெளிந்த நீரைச் சொம்பால் தலையில் ஊற்றிக்கொள்ளலாம். தேங்கிய குட்டையில் மட்டும் பிண்டத்தைக் கரைக்காதீர்கள், இரண்டே நாளில் அழுகி நாறும்.

மாசி மகத்துக்குக் கடலூரின் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மகம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் கடலின் ஏற்றமும் இறக்கமும் அன்று வழக்கத்தைவிட அதிகம். கடல் இறங்கும் நேரத்தில் ஆற்று முகத்துவாரத்தில் நின்றால் ஆற்றோட்டமும் சேர்ந்து உள்ளே இழுக்கும். முகத்துவாரத்தை விட்டு நன்றாகத் தள்ளி, அஸ்திரதேவர் (சுவாமியின் ஆயுத வடிவம்) தீர்த்தவாரி நடக்கும் இடத்திலேயே முழுகுங்கள். பழைய துணியைக் கழற்றி விடும் வழக்கம் எந்தத் துறையிலும் வேண்டாம். இடுப்பில் கட்டியதை ஒரு பையில் போட்டு வீட்டுக்கே கொண்டு போய்விடுங்கள்.