சுமையைப் போட்டு அளந்து பார்

எங்கள் பௌதிக ஆசிரியர், நாங்கள் சேர் என்று அழைத்தவர், காலமான செய்தி வந்த அன்று எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் அஞ்சலிகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப வந்த வசனம் ஒன்றுதான்: "சுமையைப் போட்டு அளந்து பாரடா." சுமை என்றால் மின்னோட்டம் எடுக்கும் பல்ப், வானொலி போன்ற ஒன்று. ரொறன்ரோவிலிருந்தும் மெல்பேணிலிருந்தும் அதையே எழுதினார்கள். எழுதியவர்களில் பாதிப் பேர் பௌதிகத்தை விட்டு விலகிப் பல காலம். அவருடைய எளிமை, நேரந்தவறாமை பற்றி இந்த நினைவு மலரில் வேறு யாராவது எழுதுவார்கள். அவர் சொல்லித்தந்த வேலையை எழுதுவது என் பங்கு.

ஆய்வுகூடத்தில் அவருடைய சிவப்புப் பேனை எதைத் தேடும் என்று உங்களுக்குத் தெரியும். வேணியரில் 0.1 மில்லிமீற்றர், திருகுக் கணிச்சியில் 0.01 மில்லிமீற்றர் என்று துல்லியமாக எழுதிக் கொடுத்தாலும், பூச்சிய வழு, அதாவது எதையும் அளக்காதபோதே உபகரணம் காட்டும் பிழை, எழுதாத கொப்பியை முழு வகுப்புக்கும் தூக்கிக் காட்டுவார். "இவருக்கு உபகரணத்தில நல்ல நம்பிக்கை" என்பார். அடித்திருந்தால் மறந்திருப்போம். நீட்டிய கம்பியால் மின்னழுத்தத்தை அளக்கும் அழுத்தமானியில், கம்பியைத் தொடும் முனையான ஜொக்கியை இழுத்துக்கொண்டு போனாலும் இதே மரியாதைதான். தட்டித் தட்டித்தான் சமநிலைப் புள்ளியைத் தேட வேண்டும். உரசினால் கம்பி அங்கங்கே தேய்ந்து, சென்ரிமீற்றருக்கு இவ்வளவு தடை என்ற கணக்கே பிழைத்துவிடும். அடுத்த வருடப் பொடியனுக்குப் பிழையான விடை வரும், ஏன் என்று அவனுக்குத் தெரியாது.

1990இல் போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று, பற்றரியும் பெற்றோலும் தடைப்பட்ட பொருட்கள் ஆனபோதுதான் உபகரணம் காட்டுவதை அப்படியே நம்பாதே என்ற அந்தப் பாடம் புத்தகத்தை விட்டு வெளியே வந்தது. ஊரில் பலர் பழைய பற்றரிகளை அவரிடம் கொண்டுவருவார்கள். வோல்ற்றுமானி 1.4 காட்டும், ரோச் எரியாது. காரணம் அகத்தடை, அதாவது கலத்துக்கு உள்ளேயே இருக்கும் தடை. பாவித்த கலத்தில் பசை காய்ந்து அகத்தடை 4 ஓம் வரை ஏறியிருக்கும். ரோச் பல்ப் கேட்பது 0.3 அம்பியர், 1.2 வோல்ற்று உள்ளேயே விழுந்துவிடும், மிஞ்சுவது 0.2. வோல்ற்றுமானியோ மின்னோட்டம் எடுப்பதே இல்லை என்று சொல்லலாம், ஆகவே அதற்கு எல்லாம் நலம். அதே கலத்தை 30 மில்லி அம்பியர் எடுக்கும் வானொலியில் போட்டால் இழப்பு 0.12 வோல்ற்றுத்தான். எனவே சேரின் வரிசை: முதலில் ரோச், பிறகு வானொலி, கடைசியில் சுவர்க் கடிகாரம். கடிகாரத்திலும் நின்றால்தான் கலம் செத்தது. காபன் கோலுக்குப் பக்கத்தில் ஆணியால் துளைத்து உப்புத் தண்ணீர் விடுகிற வைத்தியமும் காய்ந்த பசையை நனைத்து அகத்தடையைக் குறைப்பதுதான். சில நாள் ஓடும். ஆனால் கலத்தின் நாகக் (துத்தநாகக்) கூடு அரித்து ஒழுகும். கேட்டு முடிந்ததும் கழற்றி வைக்காவிட்டால் வானொலியின் தகடும் போய்விடும்.

டைனமோ விசயத்தில் அவர் இன்னும் கடுமை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் இரவு ஒன்பதேகால் பிபிசி தமிழோசை கேட்ட காலம். சைக்கிள் டைனமோவில் 6 வோல்ற்று, 3 வாற்று என்று எழுதியிருக்கும். அது விளக்கு எரியும்போது. சுமை இல்லாமல் வேகமாகச் சுற்றினால் 20 வோல்ற்றைத் தாண்டும். பல வானொலிகள் அப்படித்தான் புகைந்தன. சேர் சொன்ன வழி, முன்விளக்கு பல்பை டைனமோவுக்குக் குறுக்கே அப்படியே எரியவிட்டு, அதற்குச் சமாந்தரமாக வானொலியைக் கொழுவுவது. 2.4 வாற்று பல்ப் 0.4 அம்பியரை விழுங்கிக்கொண்டு அழுத்தத்தை 6 வோல்ற்றுக்குக் கிட்ட வைத்திருக்கும். டைனமோ தருவது ஆடலோட்டம் (ஏசி), வானொலிக்கு வேண்டியது நேரோட்டம் (டிசி). ஒன்றை மற்றதாக்கும் நாலு இருவாயி (டயோட்) பாலத்தில் 1.4 வோல்ற்று போகும், கொள்ளளவி (கப்பாசிற்றர்) உச்சத்தைப் பிடித்துவைக்கும், முடிவில் ஏறக்குறைய 7 வோல்ற்று கிடைக்கும். நாலு பற்றரி வானொலி அதைத் தாங்கும். கொள்ளளவி 1000 மைக்ரோபரட் இருந்தால் நல்லது. 100 போட்டால் செய்தி வாசிப்பவரின் குரலுக்குப் பின்னால் வண்டு இரையும்.

இருவாயிக்கு எங்கே போவது? சுவர் மின்சாரத்தில் செருகிப் பாவிக்கிற கசற் ரெக்கோடர் எல்லா வீட்டிலும் ஊமையாகக் கிடந்தது. அதற்குள் பாலமும் கொள்ளளவியும் ஏற்கனவே உண்டு. நிலைமாற்றியின் (ட்ரான்ஸ்போமரின்) துணைச் சுருள், அதாவது குறைந்த வோல்ற்றுப் பக்கச் சுருள், வந்து சேரும் இடத்தில் டைனமோவின் இரண்டு வயரையும் கொடுத்தால் வேலை முடிந்தது. அதற்கு முன் துணைச் சுருளைக் கழற்ற வேண்டும். கழற்றாவிட்டால் நிலைமாற்றி மறுபக்கமாக வேலை செய்து, தொங்கிக்கொண்டிருக்கிற செருகியைத் தொட்டவரை அடிக்கும். இதை எந்தப் புத்தகத்திலும் பார்த்து அவர் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் மலர் போதாது. சேலைன் குழாயால் காபுரேற்றருக்குள் சில துளி பெற்றோல், ஒரு உதை, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதற்குத்தான் அந்தத் துளிகள். எரியாத எண்ணெய் பிஸ்ரன் வளையத்தைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் மட்டம் ஏறியிருக்கக் கண்டு சந்தோசப்பட்டவர்களின் எஞ்சின்தான் முதலில் இறுகியது.

இப்போது எங்கள் சட்டைப் பையிலும் அதே பௌதிகம்தான். கனடாவில் பாகை -20 ஆகும்போது, 30 வீதம் காட்டிய கைபேசி கமெராவைத் திறந்ததும் அணைந்துவிடுகிறது. கலத்தில் சக்தி இருக்கிறது. குளிரில் அகத்தடை கூடி, கமெரா இழுக்கும் மின்னோட்டத்துக்கு அழுத்தம் கைபேசி தானாக அணையும் வெட்டுநிலைக்குக் கீழே போகிறது. உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினால் திரும்பவும் வரும். 10,000 மில்லி அம்பியர் மணி என்று விற்கிற பவர் பாங்கும் ஒரு சுமையில்லா வாசிப்புத்தான். அந்தக் கணக்கு உள்ளே உள்ள 3.7 வோல்ற்றுக் கலத்துக்கு. 5 வோல்ற்றாக மாற்றி, இழப்பையும் கழித்தால் கைக்கு வருவது 6,000 சொச்சம். பெட்டியில் எழுதியிருப்பது பொய்யில்லை. சேர் பொய் என்று சொல்லியும் இருக்கமாட்டார், "இவருக்குப் பெட்டியில நல்ல நம்பிக்கை" என்றிருப்பார்.

உயர்தரப் பெறுபேறும் அப்படி ஒரு வாசிப்பு என்று அவர் நினைத்தாரோ என்னவோ, நாலு ஏ எடுத்தவனைக் கூட வாய் திறந்து புகழ்ந்ததில்லை. அழுத்தமானியைத் தொடாமலே அழுத்தமானிக் கணக்கில் முழுப் புள்ளி எடுக்கலாம். ரியூற்றறியில் (தனியார் ரியூசன் வகுப்பில்) அதைத்தான் பழக்கினார்கள், இன்றும் பழக்குகிறார்கள். பேராதனை, மொறட்டுவைப் பல்கலைக்கழகங்களுக்குப் போனோம், அங்கிருந்து விமானம் ஏறினோம். அவருக்கும் வெளியில் போக வழி இருந்தது, பிள்ளைகள் கூப்பிட்டார்கள். போகவில்லை. அதைத் தியாகம் என்று மேடையில் சொன்னால் அவர் எழுந்து போயிருப்பார். ஆய்வுகூடப் பூட்டின் திறப்பை யாரிடம் கொடுப்பது என்பதுதான் அவருடைய பிரச்சினை. அதை வாங்கியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். ஓகஸ்ட்டில் நல்லூர்த் திருவிழாவுக்குப் போவோம். அப்போது பள்ளி விடுமுறை, ஆய்வுகூடம் பூட்டியிருக்கும். கேற்றடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு வருவோம்.

இப்போது அவருடைய நினைவாக மூன்று ஸ்மார்ட் போர்ட் கொடுப்பதென்று பழைய மாணவர் சங்கத்தில் பேச்சு. கொடுக்கலாம், ஒன்று போதும். மிச்சக் காசுக்கு மல்ரிமீற்றர் 20 வாங்குங்கள். அவற்றுக்கு மாற்று உருகிகளும் (பியூஸ்) வாங்குங்கள். அம்பியர் அளவையில் வைத்துக்கொண்டே பற்றரிக்குக் குறுக்கே பிடிக்காத மாணவன் இன்னும் பிறக்கவில்லை. அழுத்தமானிகளுக்குப் புதுக் கம்பி போடவேண்டும். பகுதி நேர ஆய்வுகூட உதவியாளர் ஒருவருக்கு இரண்டு வருடச் சம்பளம் ஒதுக்கினால் நான் என் பங்கை இரட்டிப்பாகத் தருவேன். ஸ்மார்ட் போர்ட்டோடு வரும் யூபிஎஸ்ஸின் ஈய அமிலப் பற்றரி மூன்று நாலு வருடத்தில் போய்விடும், வெக்கையில் அதற்கும் முன்னாடி. அதை மாற்றும் செலவையும் இந்த வருடக் கணக்கிலேயே எழுதி வையுங்கள்.