மூன்று துண்டு, மூன்று நிறம்: அலங்காரக் கான்கிரீட் பட்டறையில் இரண்டாம் முறை தேறிய அனுபவம்

நேற்று மாலை முடிவு வந்தது. தேறிவிட்டேன். இது எனக்கு இரண்டாவது முயற்சி. முதல் முறை நான் கொடுத்த மூன்று துண்டுகளும் திரும்பி வந்தன. ஏன் வந்தன என்று புரியவே எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அந்தக் காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பட்டறை எப்படி நடக்கும், எந்த நாளில் எதைச் சொல்லித் தருவார்கள் என்பதெல்லாம் சேர்ந்தவர்களுக்குத் தெரியும், அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

கடைசி மதிப்பீட்டில் ஒரு பூந்தொட்டி, ஒரு மெல்லிய தட்டு, ஒரு பூவேலை ஓடு. மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மதிப்பிடுபவர்களோ மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே குடும்பமாகத் தெரிகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். என் தொட்டி அடர்ந்த சாம்பல் நிறம். தட்டு அதைவிட வெளுப்பு. ஓடு கிட்டத்தட்ட சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. ஓட்டின் மேல் விரலை வைத்துத் தேய்த்தால் மாவு ஒட்டியது. பூவிதழ்களின் விளிம்பு இரண்டு இடத்தில் உதிர்ந்திருந்தது.

ஒரே மூட்டை சிமென்ட், ஒரே மூட்டை மணல், ஒரே நிறமி. எல்லாவற்றையும் தராசில் வைத்துத்தான் போட்டேன். 1000 கிராம் சிமென்ட், 2000 கிராம் மணல், 400 கிராம் தண்ணீர், பிளாஸ்டிசைசர் (தண்ணீரைக் கூட்டாமலே கலவையை இளக்கும் மருந்து) அதன் டப்பாவில் போட்டிருந்த அளவு. மூன்று முறையும் அதே கணக்கு, எழுதி வைத்த தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. நிறமியில் குறை என்று நினைத்து வேறு நிறமி வாங்கினேன். அச்சில் தடவிய எண்ணெயோ என்று அதையும் மாற்றினேன். வீட்டில் செய்து பார்த்தபோது மறுபடி அதே மூன்று நிறம்.

கடைசியில் கண்டுபிடித்துச் சொன்னவர் எங்கள் தெருவில் இருக்கும் கொத்தனார் பெரியவர். மூட்டையின் அடியில் கைவிட்டு ஒரு பிடி மணலை அள்ளி, இறுக்கிப் பிடித்து, விரித்துக் காட்டினார். உருண்டை உடையாமல் அப்படியே நின்றது. "இதுவே தண்ணி குடிச்சிருக்கே தம்பி, இதுக்கு மேல எவ்வளவு ஊத்துற?" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். மூட்டை பல நாள் நிமிர்த்தி வைத்தபடியே இருந்ததில் மேல் மணல் காய்ந்துவிட்டது, ஈரம் முழுக்க அடியில் தங்கிவிட்டது. தொட்டிக்கு மேலே இருந்து அள்ளினேன், தட்டுக்கு நடுவிலிருந்து, ஓட்டுக்கு அடியிலிருந்து. மணலில் 5 சதவீதம் ஈரம் இருந்தால் 2000 கிராம் மணலோடு கிட்டத்தட்ட 100 கிராம் தண்ணீர் நமக்குத் தெரியாமலே உள்ளே போகிறது. நான் 400 கிராம் என்று எழுதியிருந்தேன், கலவைக்குள் போனதோ 500. சிமென்டுக்குத் தண்ணீர் 0.40 என்ற கணக்கு 0.50 ஆகிவிட்டது. தண்ணீர் கூடினால் நிறம் வெளுக்கும், வலுவும் குறையும். ஓட்டுக் கலவை அன்று தேன் மாதிரி வழிந்து அச்சின் மூலை முடுக்கெல்லாம் நிறைந்தது. எவ்வளவு அழகாக ஓடுகிறது என்று சந்தோஷப்பட்டேன். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. அந்த வினையில் அது தன்னோடு கட்டிக்கொள்ளும் தண்ணீர் சிமென்டின் எடையில் ஏறத்தாழ கால் பங்குதான். மீதி நாம் ஊற்றுவது கலவை இளகுவதற்காக. அந்த மீதி கூடக் கூட, அது இருந்த இடமெல்லாம் பிறகு நுண்துளைகளாக நிற்கும். தண்ணீருக்கும் சிமென்டுக்கும் உள்ள விகிதம்தான் வலுவைத் தீர்மானிக்கிறது என்று டஃப் ஏப்ரம்ஸ் 1918-லேயே எழுதிவிட்டார். பட்டறையில் கொடுத்த குறிப்பிலும் இந்த விகிதம் இருந்தது. மணலுக்குள் இருக்கும் தண்ணீரைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் எனக்கு இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும். இன்னும் அந்த வருத்தம் இருக்கிறது.

இரண்டாம் முறை நான் செய்தது இதுதான்:

- மணல் முழுவதையும் ஒரு தார்ப்பாயில் கொட்டி, புரட்டிப் புரட்டி ஒரே ஈரத்துக்குக் கொண்டுவந்தேன்.
- அதிலிருந்து 100 கிராம் எடுத்து, ஒரு பழைய வாணலியில் ஆவி அடங்கும் வரை வறுத்து, மறுபடி எடை போட்டேன். 96 வந்தது. அப்படியென்றால் 4 கிராம் தண்ணீர்.
- 2000 கிராம் மணலுக்கு 80 கிராம். அதை 400-லிருந்து கழித்து 320 மட்டும் ஊற்றினேன். கழித்த 80-க்கு ஈடாக மணலை 80 கிராம் கூட்டிக்கொண்டேன்.
- மூன்று துண்டுக்கும் தேவையான மணலை ஒரே நேரத்தில் எடைபோட்டு, மூன்று வாளியில் மூடி வைத்தேன்.

வறுக்கும் வேலைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. முழு மணலையும் முன்கூட்டியே வெயிலில் சுத்தமாகக் காயவைத்துவிட்டால் இந்தக் கணக்கே வேண்டாம், ஆனால் அது எல்லா நாளும் நடக்காது.

இன்னொன்று, கிண்ணத்தால் அளக்காதீர்கள். ஈர மணல் உப்பிக்கொள்ளும். காய்ந்த மணலைவிட 20, 30 சதவீதம் வரை அதிக இடம் அடைக்கும். ஒரே கிண்ணத்தில் ஒருநாள் நிறைய மணல் இருக்கும், இன்னொரு நாள் குறைவாக இருக்கும். தராசு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

சரி, பிளாஸ்டிசைசர் பற்றி. அதைப் போட்டதும் கலவை இளகாது. ஒன்றிரண்டு நிமிடம் கட்டியாகவே இருக்கும், கை வலிக்கும், ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றும். அப்புறம் திடீரென்று இளகும். என்னோடு பயின்றவர்களில் பாதிப் பேர் அந்த இரண்டு நிமிடத்தில்தான் தண்ணீரை எட்டி எடுத்தார்கள். எடுக்காதீர்கள். தண்ணீர்க் குவளையை எட்டாத தூரத்தில் வையுங்கள், கடிகாரத்தைப் பார்த்துக் கலக்குங்கள்.

எனக்குப் பேசிக்கொண்டே கலக்க வராது. முதல் முறை நால்வர் இருந்த மேசையில் நின்றேன், இரண்டாம் முறை கேட்டு வாங்கி ஓரத்து மேசைக்குப் போனேன். காலையில் முதல் ஆளாகப் போய், ஒரு தாளில் எடைகளை எழுதி, போட்டுவிட்ட பொருளை அடித்துக்கொண்டே வந்தேன். கூட்டமாக இருந்தால்தான் உற்சாகம் என்பவர்களும் உண்டு, அவர்களும் எடை போடும் அந்தப் பத்து நிமிடமாவது தனியாக இருப்பது நல்லது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நிறமி: சிமென்ட் எடையில் 5 சதவீதம் போதும். 10-ஐத் தாண்டினால் நிறம் மேலும் ஏறாது, வலுதான் குறையும். இரும்பு ஆக்சைடு நிறமியே போடுங்கள், சிமென்டின் காரத்தில் அது நிற்கும். துணிச்சாயம் வெளுத்துப்போகும். உலர்ந்த சிமென்டோடு நிறமியைக் கலந்து, சல்லடையில் சலித்து, அதற்குப் பிறகுதான் தண்ணீர். வெளிர் நிறம் வேண்டுமென்றால் வெள்ளை சிமென்ட், இல்லாவிட்டால் சாம்பல் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும்.

குமிழி: இளகிய கலவையைத் தூரிகையால் அச்சின் உள்ளே ஒரு மெல்லிய பூச்சாகத் தடவுங்கள், பிறகு ஒரே மூலையிலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். மேசையைத் தட்டுவது இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தட்டிக்கொண்டே இருந்தால் மணல் கீழே இறங்கி, மேலே தண்ணீர் வந்து நிற்கும்.

மேல்பரப்பு: வழவழப்பாக்கத் தண்ணீர் தெளித்துத் தேய்ப்பது எல்லோருக்கும் கை பழகிய விஷயம். அதனால்தான் மாவு உதிர்கிறது. மேலே நிற்கும் நீர் மறையும் வரை காத்திருந்து, ஒரே ஒரு முறை கொத்துக் கரண்டியை இழுங்கள்.

மெல்லிய தட்டு: இதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். கம்பி வலை வைக்க ஆசை வரும். ஜோசப் மோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர் 1867-ல் இரும்பு வலை வைத்த சிமென்ட் பூந்தொட்டிக்குத்தான் காப்புரிமை வாங்கினார். இன்றைய இரும்புக் கான்கிரீட் கட்டடங்களின் வரலாற்றில் ஒரு பூந்தொட்டி இருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஆனால் ஒரு சென்டிமீட்டர் தடிமன் உள்ள தட்டில் இரும்பை மூடி நிற்கப் போதிய கான்கிரீட் கிடையாது. துரு பிடித்துப் பழுப்புக் கறை வெளியே வரும். கண்ணாடி இழை போடுங்கள், அதிலும் காரத்தைத் தாங்குகிற வகை. சாதாரணக் கண்ணாடி இழையைச் சிமென்ட் நாளடைவில் அரித்துவிடும். இழையைக் கடைசியில் போட்டு, கொஞ்சமாகக் கலக்க வேண்டும். முதலிலேயே போட்டால் உருண்டு பந்தாகிவிடும்.

கை: ஈரச் சிமென்டின் காரம் தோலைப் பொசுக்கும், அந்த நேரத்தில் எரிச்சல்கூடத் தெரியாது. ராத்திரிதான் தெரியும். ரப்பர் கையுறை கட்டாயம். சிமென்ட் கொட்டும்போதும் காய்ந்த துண்டை உப்புத்தாளால் தேய்க்கும்போதும் முகமூடி. அந்தத் தூசி நுரையீரலில் தங்கக்கூடியது. இதில் அவசரமோ அலட்சியமோ வேண்டாம்.

அச்சிலிருந்து எடுப்பது: ஊற்றியவுடன் பிளாஸ்டிக் தாளால் மூடி 24 மணி நேரம். குளிரான நாட்கள் என்றால் 48. முதல் முறை 16 மணி நேரத்தில் ஓட்டைத் திறந்தேன், இதழ் உதிர்ந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

நீராற்றுதல்: அச்சிலிருந்து எடுத்த பிறகும் ஏழு நாள் ஈரம் காக்க வேண்டும். இங்கேயும் மூன்று துண்டும் ஒரே மாதிரி. ஒன்றை ஈரச்சாக்கில், ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியில், ஒன்றை வெளியே என்று வைத்தால் நிறம் மறுபடி பிரிந்துவிடும். நான் மூன்றையும் ஒரே பெட்டியில், ஒன்றை ஒன்று தொடாமல், ஈரத்துணி வைத்து மூடினேன். பிளாஸ்டிக் தாள் சுருங்கித் துண்டின் மேல் படிந்தால் அந்தச் சுருக்கத்தின் வரி நிறமாகப் பதியும், அதனால் தாள் மேலே படாமல் கூடாரம் போல நிறுத்துங்கள்.

உப்புப் பூப்பது: சிமென்டுக்குள் இருக்கும் சுண்ணாம்பு நீரோடு வெளியே வந்து காற்றுப் பட்டு வெள்ளையாகப் படிவதுதான். அதிகத் தண்ணீர் விட்ட கலவையில் அதிகம் பூக்கும். என் முதல் ஓடு அவ்வளவு வெளுத்ததில் இதுவும் சேர்ந்திருக்கிறது. மெல்லிய வினிகர் கரைசலால் துடைத்து உடனே கழுவினால் போகும், ஆனால் நிறமும் கொஞ்சம் மாறும். மூன்று துண்டு மதிப்பீட்டில் ஒன்றை மட்டும் துடைத்து விடாதீர்கள்.

மேல்பூச்சு: துண்டு நன்றாக உலர்ந்த பிறகுதான் பூச வேண்டும். உள்ளே ஈரத்தோடு பூசினால் பால் போலப் படலம் நிற்கும், அதை எடுக்கவே முடியாது.

வேலைப்பாட்டைப் பற்றி ஒரு சொல். புதிதாகச் சேருபவர்கள் பளிங்கு மாதிரி இரண்டு நிறம் சுழற்றுவது, கல் பதிப்பது என்று ஆசைப்படுகிறார்கள். ஒரே நிறத்தில், அலங்காரம் குறைந்த ஒரு தொட்டியைக் குறையில்லாமல் மூன்று முறை தொடர்ந்து செய்ய முடிந்த பிறகு அவற்றுக்குப் போங்கள். நான் இரண்டாம் முயற்சிக்கு முன் அதே எளிய ஓட்டை ஒன்பது தடவை ஊற்றினேன். ஐந்தாவதிலிருந்துதான் நிறம் ஒன்றுபோல வந்தது.

கொடுக்கும் நாளைப் பற்றி ஒன்று. சுத்தமாக இருக்கட்டும் என்று முந்தின இரவு ஈரத்துணியால் துடைப்பார்கள். தடித்த தொட்டி அந்த ஈரத்தை வைத்துக்கொள்ளும், மெல்லிய தட்டு சீக்கிரம் உலர்ந்துவிடும். மறுநாள் மேசையில் தொட்டி கறுத்தும் தட்டு வெளுத்தும் தெரியும். கடைசி மூன்று நாள் துண்டுகளின் மேல் தண்ணீர் படவே வேண்டாம். காய்ந்த தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, மூன்றையும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அங்கிருந்து அப்படியே எடுத்துப் போங்கள்.