விக்கித்தரவில் 300 எழுத்தாளர்களை ஏற்றியபோது

என்னிடம் ஒரு பழைய நூற்பட்டியல் விரிதாளாக இருந்தது. 300-க்கும் மேற்பட்ட எழுத்தாளர்கள், அவர்களுடைய நூல்கள், பிறப்பு, இறப்பு, பக்க எண்ணிக்கை, இருந்தால் ஐஎஸ்பிஎன் (நூலின் பன்னாட்டு அடையாள எண்). என் கணினியில் கிடப்பதைவிட விக்கித்தரவில் ஏற்றிவிட்டால் எல்லா மொழி விக்கிப்பீடியாக்களும் எடுத்துக்கொள்ளும் என்று தோன்றியது. 2012-இல் தொடங்கிய அந்தத் தரவுத்தளத்தை யாரும் திருத்தலாம். அதிலுள்ள தரவு சிசி0 உரிமத்தில் இருப்பதால் யாரும் தடையில்லாமல் பயன்படுத்தலாம். ஏற்றியும் விட்டேன். ஆனால் நடுவில் பெரிய தவறு ஒன்றைச் செய்து, அதைச் சரிசெய்யவே பல வாரம் ஆனது. இதே வேலையைத் தொடங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் சில நூல்களைக் கையாலேயே உள்ளிட்டேன். விக்கித்தரவில் ஒவ்வொரு ஆளுக்கும் நூலுக்கும் ‘உருப்படி’ என்று ஒரு பக்கம் இருக்கும், அதைப் பற்றிய ஒவ்வொரு வகைத் தகவலையும் ‘பண்பு’ என்பார்கள். ஒவ்வொரு பண்புக்கும் ஒரு தரவு வகை உண்டு. ‘ஆசிரியர்’ என்ற பண்பில் பெயரை எழுத முடியாது, அந்த ஆசிரியருக்கான உருப்படியைத்தான் சுட்ட வேண்டும். நூலின் தலைப்பு எந்த மொழியில் இருக்கிறது என்ற குறியும் கூடவே வர வேண்டும். ‘பக்கங்களின் எண்ணிக்கை’ என்பது அளவு வகை. என் பட்டியலிலோ முன்னுரைப் பக்கங்கள் ரோமன் எண்ணிலும் மற்றவை சாதாரண எண்ணிலும், நடுவில் ஒரு கூட்டல் குறியோடு இருந்தன. அப்படியே ஒட்டினால் வெளியிடும் பொத்தான் உயிர் பெறவே இல்லை. முதலில் எரிச்சலாக இருந்தது. ஆனால் எண்ணாக இருந்தால்தானே நாளைக்கு ஒருவர் ‘500 பக்கத்துக்கு மேற்பட்ட நாவல்கள் எவை’ என்று கேட்க முடியும்? பட்டியலைத்தான் திருத்த வேண்டியிருந்தது, திருத்தினேன். ஒரு பண்பின் வகை அது உருவாகும்போதே முடிவாகிவிடும், அப்புறம் நம் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. புதுப் பண்பை முன்மொழியும்போது வகையைப் பற்றி அவ்வளவு பேசுவதற்குக் காரணம் இதுதான்.

அப்புறம் ஐஎஸ்பிஎன். இங்கேதான் வகை வேறு, கட்டுப்பாடு (மதிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று பண்புக்கு வைத்திருக்கும் விதி) வேறு என்று புரிந்தது. ஐஎஸ்பிஎன் ‘வெளி அடையாளக் குறி’ என்ற வகை. அந்த வகையைப் பொறுத்தவரை எந்த எழுத்துச் சரமும் செல்லும். என் விரிதாள் 13 இலக்க எண்களை எல்லாம் சுருக்கி, 9.78-இல் தொடங்கும் அடுக்குக்குறி எண்ணாக மாற்றி வைத்திருந்தது. அதையும் தளம் மறுக்காமல் சேமித்தது. சேமித்த பிறகுதான் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி வந்தது. அதைச் சொடுக்கினால், வடிவம் பொருந்தவில்லை என்று விளக்கம்.

அந்தப் பண்புக்கு ஒரு ரெஜெக்ஸ், அதாவது எழுத்துகள் எந்த அமைப்பில் வர வேண்டும் என்று சொல்லும் வாய்பாடு, எழுதி வைத்திருக்கிறார்கள். 978 அல்லது 979-இல் தொடங்க வேண்டும், இடையில் சிறுகோடுகள் சரியான இடத்தில் வர வேண்டும். விரிதாளில் அந்த நெடுவரிசையை உரையாக மாற்றி, மூலத்திலிருந்து மறுபடி எடுத்தேன். அப்படியும் சில எண்களில் ஆச்சரியக்குறி போகவில்லை. வெகுநேரம் உற்றுப் பார்த்த பிறகு தெரிந்தது, அவற்றில் இருந்தது சிறுகோடு இல்லை. ஆவணத்திலிருந்து நகலெடுத்தபோது வந்த சற்று நீண்ட கோடு. கண்ணுக்கு ஒன்றுபோல இருந்தாலும் கணினிக்கு இரண்டும் வேறு எழுத்து.

ரெஜெக்ஸ் பிடிக்காத தவறும் உண்டு. இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் வடிவம் சரியாகவே இருக்கும். அதற்கு ஐஎஸ்பிஎன்னுக்குள்ளேயே சோதனை இலக்கம் இருக்கிறது. 13 இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று 1, 3 என்று பெருக்கிக் கூட்டினால் 10-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். விரிதாளில் ஒரு சூத்திரம் போட்டு எல்லா எண்ணையும் ஓட்டிப் பார்த்தேன். ஏற்றுவதற்கு முன்பே பல தவறுகள் சிக்கின. ஐந்து நிமிட வேலைதான், தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

கட்டுப்பாடுகள் ஏன் எச்சரிக்கையோடு நிற்கின்றன, ஏன் தடுப்பதில்லை என்று அப்போது எனக்குக் குழப்பமாக இருந்தது. உலகத்தில் விதிவிலக்கு நிறைய என்பதுதான் காரணம். ஒரே எண்ணைத் தவறுதலாக இரண்டு நூல்களுக்குப் போட்ட பதிப்பகங்கள் உண்டு. நூலில் அச்சிட்டிருப்பது அதுதான் என்றால் அதைப் பதிவு செய்யத்தானே வேண்டும்? தடுத்துவிட்டால் உண்மையே உள்ளே வர முடியாது. அந்த எச்சரிக்கைகளால் நன்மையும் கிடைத்தது. ஒருவர் பிறப்பதற்கு முன்பே இறந்ததாக இருந்தது. பிறந்த ஆண்டில் கடைசி இரண்டு இலக்கங்கள் மாறியிருந்ததை அப்படித்தான் கண்டேன்.

தமிழ்ப் பெயர்களிலும் ஒரு சிக்கல் வந்தது. ‘கொ’ என்பதைக் கொம்பும் காலுமாகப் பிரித்துத் தட்டச்சு செய்திருந்தால், விக்கித்தரவு இயங்கும் மென்பொருளான மீடியாவிக்கி அதை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் ‘ஔ’ என்ற எழுத்துக்குப் பதில் ஒ, ள என்று இரண்டு எழுத்தைத் தட்டியிருந்தால் அது அப்படியே நிற்கும். இதனால் ஓர் எழுத்தாளருக்கு இரண்டு உருப்படி உருவாக்கிவிட்டேன். பிறகு இணைத்தேன்.

இனி அந்தப் பெரிய தவறு. பெரும்பாலான எழுத்தாளர்களுக்குப் பிறந்த ஆண்டு மட்டுமே என் மூலத்தில் இருந்தது. விக்கித்தரவில் ‘காலம்’ வகை என்றால் தேதி மட்டும் போதாது. எந்த நாட்காட்டி, எவ்வளவு துல்லியம் என்பதும் சேர்ந்துதான் மதிப்பு. துல்லியத்துக்கு எண் உண்டு: 9 என்றால் ஆண்டு, 10 மாதம், 11 நாள். நான் மொத்தமாக ஏற்ற குவிக்ஸ்டேட்மென்ட்ஸ் கருவியில், தேதிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு அந்த எண்ணை எழுத வேண்டும். என் விரிதாள் 1892 என்ற ஆண்டைத் தேதியாக மாற்றியபோது 1892 ஜனவரி 1 ஆக்கியிருந்தது. ஏற்கெனவே இருக்கும் தரவு எப்படி இருக்கிறது என்று, விக்கித்தரவில் கேள்வி கேட்டுத் தரவை எடுக்க உதவும் வினவல் சேவையில் பார்த்தேன். ஆண்டு மட்டும் தெரிந்தவர்களுக்கு அங்கேயும் 01-01 என்றே வந்தது. சரி, இதுதான் வழக்கம்போல என்று எண்ணி எல்லாருக்கும் 11 போட்டு ஏற்றினேன். வினவல் விடையில் துல்லியம் தனி இடத்தில் இருக்கிறது, அதைக் கேட்டால்தான் காட்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஆச்சரியக்குறி ஒன்றுகூட வரவில்லை. வகை சரி, வடிவம் சரி, பிறப்புக்கும் இறப்புக்கும் இடைவெளி சரி. பத்து நாள் கழித்து, மற்ற பயனர்கள் எனக்குச் செய்தி எழுதும் என் பேச்சுப் பக்கத்தில் ஒருவர், “வணக்கம், நீங்கள் சேர்த்த எழுத்தாளர்கள் எல்லாருமே ஜனவரி 1-ஆம் தேதி பிறந்தவர்களா? மூலத்தில் அப்படித்தான் இருக்கிறதா?” என்று கேட்டிருந்தார். படித்ததும் வயிறு கலங்கியது. விக்கித்தரவிலிருந்து கட்டுரைகளின் தகவல்பெட்டிகளை (சுருக்க விவரம் தரும் பெட்டிகளை) நிரப்பும் விக்கிப்பீடியாக்கள் பல. யாருக்கும் தெரியாத ஒரு பிறந்தநாளை நான் உருவாக்கி, அதற்கு மேற்கோளும் கொடுத்திருந்தேன். காலியாக விட்டிருந்தால்கூட இவ்வளவு கெடுதல் இல்லை.

அவருக்கு உண்மையைச் சொல்லி, திருத்துகிறேன் என்று எழுதினேன். துல்லியம் 11, நாள் ஜனவரி 1 என்று இரண்டும் பொருந்தும் என் பதிவுகளை மட்டும் வினவல் மூலம் எடுத்தேன். தவறான தேதி இருந்த கூற்றை (பண்பும் அதன் மதிப்பும் சேர்ந்த பதிவை) நீக்கினால் அதோடு மேற்கோளும் போய்விடும். அதனால் அதற்குப் பதிலாக ஏற்றிய புது வரியிலேயே ஆண்டு, 9, மேற்கோள் மூன்றையும் சேர்த்தேன். முதலில் சோதனைக்கான மணல்தொட்டி உருப்படியில் ஓட்டி, அப்புறம் பத்துப் பேருக்கு, பிறகே மற்றவர்களுக்கு. மூலத்தில் ‘ஏறத்தாழ’ என்று இருந்தவர்களுக்கு அதையும் கூற்றோடு குறித்தேன். பிறந்த ஆண்டே தெரியாது என்று மூலம் சொன்னவர்களுக்கு ‘அறியப்படாத மதிப்பு’ என்ற தேர்வு இருக்கிறது, அதைப் பயன்படுத்தினேன்.

எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மாற்றிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நல்லவேளை, ஒவ்வொருவராக மூலத்தோடு ஒப்பிட்டேன். பட்டியலில் நான்கு பேர் உண்மையாகவே ஜனவரி 1 அன்று பிறந்தவர்கள். அவர்களுக்கு 11-ஐ அப்படியே விட்டு, மேற்கோளில் பக்க எண்ணையும் சேர்த்து வைத்தேன்.