சேராபீன்களின் செட்டைகள்: சில நாட்குறிப்புகள்

நவம்பர் 18, செவ்வாய்

ஞாயிறு பள்ளியில் இந்த வாரம் ஏசாயா 6. உசியா ராஜா மரணமடைந்த வருஷத்தில், ஆண்டவர் உயரமான சிங்காசனத்தில் வீற்றிருப்பதைத் தீர்க்கதரிசி ஏசாயா காண்கிறார். படம் வரைந்து காட்டலாம் என்று உட்கார்ந்தேன். அவருடைய வஸ்திரத்தொங்கலே ஆலயத்தை நிறைத்துவிடுகிறது; தாளில் எங்கே இடம்? சரி, சிங்காசனத்தருகே நிற்கும் தூதர்களான சேராபீன்களை வரைந்தேன். ஆறு செட்டைகள். முகத்தை மூட இரண்டு, கால்களை மூட இரண்டு, பறக்க மீதி இரண்டு. பறப்பதைவிட மூடிக்கொள்ளத்தான் அதிகம்!

நவம்பர் 20, வியாழன்

குடும்ப ஜெபத்தில் மாற்கு 4. புயல் அடிக்கும்போது, படகில் தூங்கும் இயேசுவை எழுப்பிச் சீஷர்கள் கத்துகிறார்கள். அவர் புயலை அடக்குகிறார். கடல் அமர்ந்த பிறகுதான் ‘மிகவும் பயந்து’ என்று எழுதியிருக்கிறது. ஆபத்து போய்விட்டது, பயம் கூடிவிட்டது. அலைக்குப் பயந்தவர்கள் இப்போது பக்கத்தில் இருப்பவருக்குப் பயப்படுகிறார்கள்.

நவம்பர் 23, ஞாயிறு

வகுப்பில் ஒரு சின்னவள் எழுந்து, “அக்கா, சேராபீன் என்ன தப்பு பண்ணிச்சு? எதுக்கு மூஞ்சிய மூடுது?” என்று கேட்டாள். தப்பு எதுவும் இல்லை என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. வராதுதான். “ஆண்டவர் பார்த்துக்கிட்டு இருக்காரு, அடி விழும்” என்று சொல்லித்தானே இங்கே பிள்ளைகளை வளர்க்கிறோம். தண்டனைக்கு அஞ்சுவது மட்டுமே தேவபயம் என்றால், பாவமறியாத சேராபீன்களுக்கு அது எதற்கு? அவ்வளவு கிட்டத்தில் நிற்பதால்தான் மூடிக்கொள்கின்றன.

இதே தேதியில், 1654-இல், பாரிஸில் கணித மேதை பிளேஸ் பாஸ்கலுக்கு ஓர் அனுபவம். இரவு பத்தரை மணி சுமாரிலிருந்து பன்னிரண்டரை வரை. தாளில் ‘நெருப்பு’ என்று எழுதினார். அடுத்து, ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன்; தத்துவஞானிகளின் தேவனல்ல. இன்னும் கொஞ்சம் கீழே, சந்தோஷம், சந்தோஷம், ஆனந்தக் கண்ணீர். வயது 31. அந்தத் தாளைத் தன் அங்கியின் உள்துணியில் வைத்துத் தைத்துக்கொண்டார். 1662-இல் இறந்த பிறகுதான் அது கண்டெடுக்கப்பட்டது. எட்டு வருஷம்! இன்றைக்கு நமக்கு ஒரு சொப்பனம் வந்தால் பொழுது விடிவதற்குள் வாட்ஸ்அப்பில் சாட்சி.

நவம்பர் 26, புதன்

சங்கீதம் 130:4. “உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு.” மன்னிப்பு கிடைத்தால் பயம் தெளிய வேண்டும் என்றுதான் நாம் கணக்குப் போடுவோம். சங்கீதக்காரன் தலைகீழாகச் சொல்கிறான். ஏசாயாவுக்கும் அப்படித்தான். ‘ஐயோ! அதமானேன்’ என்றவனின் உதட்டைத் தொட்டது பலிபீடத்து நெருப்புத்தழல். சேராபீனே குறட்டால்தான் எடுத்தான். எரித்துப்போடவில்லை, சுத்தமாக்கியது. பிறகு அவன் ஓடி ஒளியவில்லை. “இதோ, அடியேன் இருக்கிறேன்” என்கிறான்.

நவம்பர் 30, ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு; அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்து. மேசையிலிருந்து விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் தகுதியில்லை என்ற ஜெபத்தைச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் எழுந்து அந்த மேசைக்கே போகிறோம். ஆங்கிலத் திருச்சபையில் 1548-லிருந்து சொல்லிவரும் ஜெபம். தகுதியில்லை என்பதும் உண்மை, போகலாம் என்பதும் உண்மை. ஒன்றை விட்டால் மற்றது கெட்டுப்போகும் என்றுதான் எனக்குப் படுகிறது. பாட்டுச் சத்தம் கூடினால் பயபக்தி குறைந்துவிட்டது என்று சில பெரியவர்கள் புலம்புவதை நான் ஏற்கவில்லை. சேராபீன்கள் கூப்பிட்ட சத்தத்தில் வாசல் நிலைகளே அசைந்தனவே.

அடுத்த வாரம் லூக்கா 5, நாடகமாகப் போடுகிறோம். இயேசுவின் சொல்லால் வலை கிழிய மீன் அகப்பட்டதைக் கண்டு, “ஆண்டவரே, நீர் என்னைவிட்டுப் போகவேண்டும்” என்று பேதுரு சொல்கிறார், இயேசு போகவில்லை. பேதுருவாக நடிக்க இரண்டு பையன்களுக்குள் சண்டை. மீனாக நடிக்கக்கூட ஆள் இருக்கிறது. இயேசுவாக நிற்க மட்டும் ஒருத்தரும் கை தூக்கவில்லை.