ஜவ்வாது மலையில் ஜோடி விண்மீன்கள்

வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து தொலைநோக்கியில் இரண்டாகப் பிரியும் இரட்டை விண்மீன்களைப் பார்க்க மலை ஏற வேண்டிய அவசியமே கிடையாது. நெபுலா என்னும் வாயு மேகங்களுக்கும் தொலைதூர அண்டங்களுக்கும்தான் கும்மிருட்டு வேண்டும். ஜோடி விண்மீன்கள் தெருவிளக்கையும் நிலாவையும் பொருட்படுத்தாமல் சென்னை மொட்டை மாடியிலும் தெரியும். அப்படியிருந்தும் மார்ச் கடைசியில், அதுவும் வளர்பிறையில், ஜவ்வாது மலைக்குக் கிளம்பியதற்குக் காரணம் தெற்கு அடிவானம். எங்கள் மாடியில் தெற்கே பதினேழு பாகை உயரம் வரை அடுக்குமாடிகளும் கடற்கரை மூட்டமும்தான். வானத்தின் மிகச் சிறந்த இரண்டு ஜோடிகள் சரியாக அந்த உயரத்துக்குள் ஒளிந்துகொள்கின்றன.

நண்பரின் கார். ஆம்பூரில் பிரியாணி, வாணியம்பாடியில் நெடுஞ்சாலையை விட்டு இடப்பக்கம், ஆலங்காயம், அப்புறம் மலைப்பாதை. வழியில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம். 1986இல் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி இங்கேதான் இருக்கிறது. காவலூரைத் தேர்ந்தெடுத்ததற்கு நகர வெளிச்சம் இல்லாதது ஒரு காரணம். இன்னொன்று அதன் அட்சரேகை: சுமார் 12.5 பாகை வடக்கு. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் வடக்கு வானம், தெற்கு வானம் இரண்டும் ஒரே இடத்திலிருந்து கிடைக்கும். ஐரோப்பாவிலிருக்கும் ஒருவர் தென் சிலுவையைப் பார்க்க விமானம் ஏற வேண்டும். நமக்கு ஆலங்காயம் பஸ் போதும்.

தங்கியது ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு தோட்ட வீட்டில். தெற்கே வயல், அதற்கப்பால் தாழ்வான குன்று, மரம் மறைக்காத வானம். போன் செய்தபோது நான் கேட்ட ஒரே கேள்வி அதுதான். வீட்டுக்காரருக்கு அது விநோதமாகப் பட்டிருக்கும்.

என்னுடையது 80 மில்லிமீட்டர் லென்ஸ், 900 மில்லிமீட்டர் குவியத் தூரம் கொண்ட சாதாரண தொலைநோக்கி. இரண்டு விண்மீன்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை விகலையில் சொல்வார்கள். ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு விகலை. 80 மி.மீ. லென்ஸ், காற்று ஒத்துழைத்தால், ஏறத்தாழ ஒன்றரை விகலை வரை பிரித்துக் காட்டும். நிறமுள்ள ஜோடிகள் பலவற்றுக்கு அதில் பாதித் திறமை போதும். சொல்லப்போனால் பெரிய தொலைநோக்கியில் பிரகாசமான விண்மீன் கண்ணைக் கூசவைத்து வெளுத்துவிடும். சின்னதில்தான் நிறம் நிற்கும். ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்துப் பார்த்தால் புள்ளி சின்ன வட்டமாகி நிறம் இன்னும் தெளிவாகும்.

ஏழரை மணிக்கு முதல் ஜோடி, எச் 3945. சிரியஸுக்குக் கீழே பெருநாய் மண்டலத்தின் இடுப்பில் வெசன் என்ற விண்மீன் இருக்கிறது. அதற்கு வடகிழக்கே மூன்றரை பாகை தள்ளித் தேட வேண்டும். ஆங்கில வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 1830களில் நன்னம்பிக்கை முனையில் தங்கித் தென்வானத்தைத் துழாவியபோது பட்டியலிட்டது. இடைவெளி 27 விகலைக்குச் சற்றுக் குறைவு என்பதால் 36 மடங்கு பெருக்கத்திலேயே தாராளமாகப் பிரிந்துவிடுகிறது.

என் நண்பர் பார்த்துவிட்டு, "ரெண்டும் வெள்ளைதானே?" என்றார். இப்படிச் சொல்பவர்கள் எப்போதும் உண்டு. வீட்டுக்காரரின் மனைவி அடுப்பு வேலையை விட்டுவிட்டு வந்து ஐபீஸில் கண் வைத்தார். "வெள்ளையா? நல்லா பாருங்க சார். பெருசு மாம்பழக் கலரு. சின்னது ஆனந்தா ப்ளூ." புடவைக் கடையில் நிறம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முன்னால் எங்கள் பட்டியலெல்லாம் எம்மாத்திரம்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் அட்மிரல் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் ஜோடி விண்மீன்களுக்குப் புஷ்பராக மஞ்சள், நீலக்கல் நீலம் என்று ரத்தினங்களின் பெயரில் நிறம் குறித்து வைத்தார். அதைவிட இந்த வீட்டுக்கார அக்காவின் முறை எனக்குப் பிடித்திருக்கிறது.

இத்தனைக்கும் அந்த ஆனந்தா ப்ளூ முக்கால்வாசி நம் கண் செய்கிற வேலை. அந்தத் துணை தனியாக நின்றால் வெள்ளை என்றுதான் சொல்வோம். பக்கத்தில் ஆரஞ்சு இருப்பதால் மூளை அதை நீலத்தின் பக்கம் தள்ளுகிறது. தொலைநோக்கியை லேசாக நகர்த்தி ஆரஞ்சைக் காட்சிக்கு வெளியே அனுப்பிப் பாருங்கள், நீலம் பாதி போய்விடும். இன்னொன்று, இவை உண்மையான ஜோடியே இல்லை. ஆரஞ்சு விண்மீன் வெகு தொலைவில் இருக்கிறது. மற்றது நமக்கு மிகப் பக்கம். ஒரே திசையில் அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

நிலா மிதுனத்தில் நின்றது. அதன் வெளிச்சத்துக்குள்ளேயே அந்த மண்டலத்து காஸ்டர் விண்மீனைப் பிரித்தோம்: ஐந்தரை விகலை, இரண்டும் வெள்ளை. நிறம் பிடிப்பவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன என்பதை ஜானின் அப்பா வில்லியம் ஹெர்ஷல் 1803இல் காட்டியது இது போன்ற ஜோடிகளை ஆண்டுக்கணக்கில் அளந்துதான். நியூட்டனின் ஈர்ப்பு சூரியக் குடும்பத்துக்கு வெளியேயும் செல்லும் என்பதற்கான முதல் சாட்சிகளில் ஒன்று. காஸ்டரில் மொத்தம் ஆறு விண்மீன்கள். என் லென்ஸுக்கு எட்டியது இரண்டு.

கடகத்தில் ஐயோட்டா: மஞ்சளும் வெளிர் நீலமும், 30 விகலை. தொடங்குபவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். சிம்மத்தில் மகத்துக்கு மேலே அல்ஜீபா: இரண்டுமே பொன்னிறம், 5 விகலைக்குக் கொஞ்சம் குறைவு, 90 மடங்கு பெருக்கம் வேண்டியிருந்தது. நிறம் மாறுபடும் ஜோடிகளைத்தான் எல்லாரும் புகழ்கிறார்கள். எனக்கென்னவோ ஒரே நிறத்தில் இரண்டு நிற்கும் அல்ஜீபாதான் ஒரு படி மேல்.

நிலா சாய்ந்ததும் சப்தரிஷி மண்டலம் உயர வந்துவிட்டது. வசிஷ்டரையும் அருந்ததியையும் பார்க்கத் தொலைநோக்கியே தேவையில்லை, வெறும் கண்ணுக்கே இரண்டு. "என் கல்யாணத்துல காலை ஒன்பது மணிக்கு மண்டபத்து வாசல்ல நிக்கவெச்சு அருந்ததி தெரியுதான்னு கேட்டாங்க. தெரியுதுன்னேன்," என்றார் நண்பர். தொலைநோக்கியில் வசிஷ்டரே இரண்டாகப் பிரிகிறார், 14 விகலை இடைவெளியில். 1617இலேயே காஸ்டெல்லி என்ற மாணவர் சொல்லி கலிலியோ இதைப் பார்த்திருக்கிறார். பிரிந்ததில் ஒன்று, அதுவும் இரட்டை என்பது 1889 வாக்கில் நிறமாலை வழியாகத் தெரியவந்தது. நண்பர் இதைக் கேட்டுவிட்டு, சடங்கில் யார் யாரைப் பார்க்கச் சொல்கிறார்கள் என்று கணக்குப் போட ஆரம்பித்தார். நான் தொலைநோக்கியைத் தெற்கே திருப்பினேன்.

பன்னிரண்டரைக்குத் தென் சிலுவை நிமிர்ந்து நின்றது. அடியிலுள்ள ஏக்ரக்ஸ் 14 பாகை உயரத்தில். இடைவெளி 4 விகலை, இரண்டும் நீலவெள்ளை. அந்த உயரத்தில் நாம் பார்ப்பது விண்மீனை மட்டுமல்ல, அடர்ந்த காற்றையும் சேர்த்துத்தான். காற்று நீலத்தை ஒரு பக்கமும் சிவப்பை ஒரு பக்கமும் இழுத்து ஒவ்வொரு விண்மீனையும் குட்டி வானவில்லாக்குகிறது. கொதிக்கும், குலையும், சட்டென்று ஒரு நொடி அடங்கும். அந்த நொடியில் இரண்டாகத் தெரியும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது வேண்டாம். நண்பர் போர்வையைப் போர்த்திக்கொண்டு காருக்குள் போய்விட்டார்.

வந்த காரியம் ஆல்ஃபா சென்டாரி. இரண்டரை மணிக்குமேல் உச்சம், உயரம் 17 பாகைக்குக் கொஞ்சம் குறைவு. 150 மடங்கில் இரண்டும் தெளிவாகப் பிரிந்தன: பெரியது நம் சூரியன் மாதிரியே மஞ்சள், சின்னது ஆரஞ்சு. சூரியனுக்கு மிகப் பக்கத்திலுள்ள விண்மீன் குடும்பம், 4.4 ஒளியாண்டுகூட இல்லை. ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. 2016 வாக்கில் 4 விகலை வரை நெருங்கி, அதன்பின் விலகிக்கொண்டிருக்கின்றன. ஒரு மனித ஆயுளுக்குள் ஒரு முழுச் சுற்று என்பதால், இருபது வயதில் பார்த்த இடைவெளியை அறுபதில் யாரும் பார்க்கப் போவதில்லை.

இது இரட்டை என்று முதலில் கண்டவர் ஷான் ரிஷோ என்ற பிரெஞ்சு ஜெசூட் பாதிரியார். 1689 டிசம்பரில் ஒரு வால்மீனைத் தொலைநோக்கியில் தொடர்ந்துகொண்டிருந்தபோது சென்டாரஸ் என்ற குதிரை மனிதன் மண்டலத்தின் இந்தக் கால் விண்மீன் இரண்டாகப் பட்டிருக்கிறது. இடம், நம் புதுச்சேரி. நான் நின்ற மலையிலிருந்து தென்கிழக்கே, ஒரு காலைப் பொழுதில் காரில் போய்விடலாம். மங்கலான ஓரங்கள் கொண்ட அந்தக் காலத்து லென்ஸை வைத்து, டிசம்பர் விடியலில், கடல் மூட்டத்தின் மேல் அவர் இதைப் பிரித்திருக்கிறார். என் கடைச் சரக்கு லென்ஸ் அவருடையதைவிடப் பல மடங்கு நல்லது. கடற்கரையில் இதற்கு ஒரு சின்னப் பலகையாவது இருக்கலாம் என்பது என் ஆசை.

மூன்றரைக்குக் கிழக்கே 70 ஒஃபியூக்கி. மஞ்சள் கலந்த ஆரஞ்சில் இரண்டு, ஆனால் நான் பார்த்தது நிறத்துக்காக அல்ல. 1855இல் சென்னை வானாய்வகத்தின் தலைவராக இருந்த கேப்டன் ஜேக்கப், இந்த ஜோடியின் பாதையில் ஒரு பிசகைக் கண்டு, கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று அங்கே இருக்கலாம் என்று எழுதினார். பின்னால் அது நிற்கவில்லை. என்றாலும் வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் என்ற பேச்சு நுங்கம்பாக்கத்தில் அப்போதே எழுந்திருக்கிறது என்பது எனக்குச் சின்னப் பெருமை.

கேட்டையையும் முயன்றேன். அதன் துணை பச்சை நிறம் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். அதுவும் சிவப்புக்குப் பக்கத்தில் கண் செய்யும் வேலைதான். சந்திரன் கேட்டையை மறைத்து விலகிய ஒரு தருணத்தில், 1819 ஏப்ரல் 13 அன்று, வியன்னாவில் பர்க் என்பவர் அதைக் கண்டார். என் 80 மி.மீ.க்கு அது சிவப்புப் பிரகாசத்துக்குள் முழுகியே இருந்தது.

நாலரை மணிக்கு அல்பிரியோ. அன்னத்தின் அலகு, பொன்னிறமும் நீலமும், 35 விகலை. பால் கறக்க எழுந்த அக்காவை மறுபடி கூப்பிட்டேன். "இது நிஜ நீலம்," என்றார் உடனே. சரிதான். இங்கே நீலமான துணை உண்மையிலேயே சூடானது, ஏறத்தாழ 13,000 கெல்வின். பொன்னிறத்துடையது சுமார் 4,400. இரண்டும் ஈர்ப்பால் கட்டுண்டவையா, தற்செயலாக ஒரே திசையில் நிற்பவையா என்பது மட்டும் ஆய்வாளர்களிடையே இன்னும் தீரவில்லை. கயா விண்கலத்தின் அளவீடுகள் வந்த பிறகும் வழக்கு நடக்கிறது.

கிழக்கு வெளுக்க ஆரம்பித்ததும் நண்பர் எழுந்துவந்து மூட்டை கட்டலாமா என்றார். கட்டவில்லை. பின்னணி கொஞ்சம் வெளுத்தால் விண்மீனால் வரும் கண்கூச்சம் குறைந்து நிறம் கூடும் என்று அவரை உட்காரவைத்துக் காட்டினேன். நீல வானத்தில் அல்பிரியோவைப் பார்த்துவிட்டு, ஒன்று மட்டும் மஞ்சள் என்று ஒப்புக்கொண்டார். ஐந்தரைக்குமேல் சிறியது மறைந்தது. முக்காலியை மடக்கிவிட்டு டீ குடிக்கப் போனோம்.